மாலை உண்டு, ஏணி உண்டா?

வென்றவரை வாழ்த்துவது எளிது. வெல்லப் போகிறவரைத் தாங்குவது அரிது. மலேசியத் தமிழ்ச் சமுதாயம் முன்னதில் கைதேர்ந்தது, பின்னதில் கைவிரிப்பது. உலகக் கோப்பையோடு ஒரு பெண் விமானத்தை விட்டு இறங்கினால் ஆளுயர மாலை காத்திருக்கும், பொன்னாடை காத்திருக்கும், குலவிளக்கே என விளித்து வாழ்த்துமடல் வாசிக்கப் புலவர் ஒருவரும் காத்திருப்பார். அதே பெண் பதினான்கு வயதில், எவரும் கேள்விப்படாத ஊரில் நடைபெறும் எவரும் கேள்விப்படாத போட்டிக்குச் செல்லப் பயணச் செலவு கேட்டு நின்றபோது, அந்த மாலைக்குரிய பணம் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது?

இந்தக் கேள்வி கசப்பானது. எனினும் கேட்கப்பட வேண்டியது. அதிலும் தமிழாசிரியர்களிடமே முதலில் கேட்கப்பட வேண்டியது. பெண்பிள்ளையின் கால்களை நாற்காலியோடு கட்டும் கயிற்றின் ஒரு முனை வீட்டில் இருக்கிறதென்றால் மறுமுனை பள்ளியில்தான் இருக்கிறது.

பினாங்கு கண்ட வீராங்கனை

ஜார்ஜ் டவுன் மக்கள் எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நிக்கோல் டேவிட் 1983 ஆகஸ்ட் 26ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தமக்கையர் இருவரும் ஸ்குவாஷ் ஆடக் கண்டு ஐந்து வயதில் தாமும் மட்டையை ஏந்தினார். புக்கிட் டும்பாரில் உள்ள ஸ்குவாஷ் மையமே அவர் பயின்ற களம். அம்மையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1999இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் உலக இளையோர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 15. 2001இல் அதே பட்டத்தைப் பிறந்த மண்ணாகிய பினாங்கிலேயே மீண்டும் வென்றார். 2005 முதல் 2014 வரை எட்டு முறை உலக வாகையர். ஐந்து முறை பிரிட்டிஷ் பொதுப் போட்டியின் வெற்றியாளர். 2006 ஆகஸ்டில் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் இடையறாது உலகத் தரவரிசையின் முதலிடத்தில் வீற்றிருந்தவர். 2019இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய தந்தையார் இந்திய வழியினர். தாயார் சீன வழியினர். அவர் புகழின் உச்சியில் நின்ற நாள்களில், அவர் எந்த இனத்துக்குரியவர் என்று தேநீர்க் கடைகளில் நடந்த வழக்காடலுக்கு அளவே இல்லை. வெற்றியில் பங்கு கேட்க வந்த உறவு, அவர் ஏறிய படிகளைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசியதா?

பேசியிருந்தால் உண்மை ஒன்று விளங்கியிருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் நிக்கோலின் முதற்பட்டம் இலண்டனிலோ கெய்ரோவிலோ கிட்டியதன்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், பதினாறு வயதில், பனி உறையும் பின்லாந்தில் நடைபெற்ற ஒரு பொதுப் போட்டியில் கிட்டியது. வெயிலில் வளர்ந்த பினாங்குச் சிறுமி அத்துணைத் தொலைவு சென்று ஆடியதற்குக் காரணம், மேலே செல்லும் வழி அத்தகைய சிறு போட்டிகளின் ஊடாகவே செல்கிறது என்பதுதான். பின்னர் 2003இல் ஆம்ஸ்டர்டாம் சென்று, ஆஸ்திரேலியரான லிஸ் இர்விங்கிடம் பயிற்சி பெற்றார். குடும்பம் தாங்கியது, சங்கம் தாங்கியது, நாட்டின் விளையாட்டு மன்றம் தாங்கியது. இந்தத் தாங்குதல் ஒவ்வொன்றும் ஒரு படி. படிகள் இருந்தன, அவர் ஏறினார். ஏறும் ஆற்றல் அவருடையது. படியமைத்த பொறுப்பு பிறருடையது. மாலையிடுவோர் மறந்து போவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

ஏணியின் கீழ்ப்படி

மகளிர் டென்னிஸில் இந்த ஏணி கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். உச்சியில் விம்பிள்டன் முதலிய நான்கு பெரும் போட்டிகள். அவற்றுள் ஒன்றை வெல்பவருக்கு 2,000 தரவரிசைப் புள்ளிகள். அடியில் இருப்பவை அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பின் வளர்நிலைப் போட்டிகள். 2024 முதல் அவை 15, 35, 50, 75, 100 என ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒற்றையர் பட்டத்தை வெல்பவருக்குக் கிட்டும் புள்ளிகளையே அவ்வெண்கள் குறிக்கும். அவற்றின் மேல் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் 125 என்னும் படி. அதன் மேல் 250, 500, 1,000.

முதற்படியில் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 அமெரிக்க டாலர். ஒற்றையர் ஆடுவோரும் இரட்டையர் ஆடுவோரும் அதனைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பார்வையாளர் இருக்கைகள் வெறிச்சோடிக் கிடக்கும். தொலைக்காட்சி இல்லை, நாளிதழில் ஒரு வரி இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் தாமே பெட்டி சுமந்து, மலிவான விடுதியில் இருவர் மூவராய்த் தங்கி, தாமே துணி துவைத்து ஆடுவார்கள். முதற்சுற்றில் தோற்றவர் கையில் கிடைக்கும் தொகை வழிச்செலவுக்கும் போதாது.

ஆயினும் இந்தக் கீழ்ப்படியில் கால் வைத்துத்தான் பலரும் மேலே சென்றனர். 2020இல் பிரெஞ்சுப் பொதுப் போட்டியை வென்று உலகை வியக்க வைத்த போலந்தின் இகா ஸ்வியாடெக், 2016இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற அடிமட்டப் போட்டி ஒன்றில்தான் தம் முதல் தொழில்முறைப் பட்டத்தைப் பெற்றார். பிலிப்பீன்ஸ் நாட்டின் அலெக்ஸாண்ட்ரா ஈலா 2021 ஜனவரியில், 15,000 டாலர் போட்டியொன்றில் முதற்பட்டம் வென்றவர். 2025 மார்ச்சில் மயாமி பொதுப் போட்டியில் ஸ்வியாடெக்கையே வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்றார். இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் 2024இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவந்து இதே கீழ்ப்படியில் தொடங்கினார். 2025 நவம்பரில் சென்னைப் பொதுப் போட்டியின் பட்டத்தை ஏந்தினார். இருவரும் மலேசியாவின் அண்டை நாட்டினர்; அதே வெயிலில், அதே மழையில் வளர்ந்தவர்கள். அவர்களால் இயன்றது இங்கே ஏன் இயலவில்லை என்று கேட்பது குற்றமா?

மகளிர் டென்னிஸ் தனித்து நிற்கத் தொடங்கிய வரலாறே ஒரு சிறு போட்டியின் வரலாறு. 1970இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடைபெறவிருந்த போட்டியொன்றில் ஆடவர் வெற்றியாளருக்கு 12,500 டாலரும் மகளிர் வெற்றியாளருக்கு 1,500 டாலரும் என அறிவித்தனர். இந்த இழிவைப் பொறுக்காத பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள், கிளாடிஸ் ஹெல்ட்மன் என்னும் இதழாசிரியரோடு ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஹூஸ்டன் நகரில் தமக்கென ஒரு போட்டியை அமைத்து ஆடினர். 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கம் தோன்றியது; அதே ஆண்டில் அமெரிக்கப் பொதுப் போட்டி இருபாலார்க்கும் நிகரான பரிசு வழங்கியது. விம்பிள்டன் அந்த நேர்மைக்கு வந்து சேர 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு டாலர் ஒப்பந்தத்தை அன்று எள்ளி நகைத்தோர் பலர். சிறிய தொடக்கத்தை எள்ளுவோர் எல்லா நாட்டிலும் உண்டு, பினாங்கிலும் உண்டு.

கோலாலம்பூரும் ஒரு காலத்தில் இந்த ஏணியின் ஒரு படியாய் விளங்கியது. 2010 முதல் 2017 வரை அங்கு மகளிர் மலேசியப் பொதுப் போட்டி ஆண்டுதோறும் நடைபெற்றது. 2017 மார்ச்சில் தகுதிச் சுற்றின் வழியே உள்ளே வந்த ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் அப்பட்டத்தை வென்றார். அவரே ஆஷ்லி பார்ட்டி. அவர் வென்ற முதல் ஒற்றையர் பெரும்பட்டம் அது. ஈராண்டு கழித்து, 2019 ஜூனில், அவர் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். அந்தப் படியில் கால் வைத்து ஆஸ்திரேலியா ஏறிற்று. படி அமைத்த மலேசியாவோ 2017க்குப் பின் அப்போட்டியையே இழந்தது.

தமிழகத்தின் பாடம்

தமிழ்ப் பெண்ணுக்கும் டென்னிஸுக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். கோயம்புத்தூர் விடை கூறும். அந்நகரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலியப் பொதுப் போட்டியின் முதன்மைச் சுற்றில் இத்தாலிய வீராங்கனை ஒருவரை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்க்குக் கதவு திறந்த காலத்தில், பெரும் போட்டியின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தாம். அதே கோயம்புத்தூர் 2009இல் பிறந்த மாயா ராஜேஸ்வரன் ரேவதியையும் தந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடைபெற்ற 125 நிலைப் போட்டியில், பதினைந்தே வயதான அச்சிறுமி தகுதிச் சுற்றிலிருந்து ஒவ்வொரு படியாய் ஏறி அரையிறுதி வரை சென்றார். அங்கே சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். டைக்மனே இறுதியில் பட்டம் வென்றார்.

இங்குக் கருதத்தக்கது அச்சிறுமியின் திறமை மட்டுமன்று. மும்பையில் அந்தப் போட்டி நடைபெறாதிருந்தால் அத்திறமையை உலகம் எப்போது அறிந்திருக்கும்? உள்நாட்டில் ஒரு வளர்நிலைப் போட்டி நடந்தால், அதை நடத்துவோர் தம் நாட்டுப் பெண்களுக்குச் சில நேரடி அழைப்பு இடங்களை வழங்க முடிகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு வழியற்ற பெண்ணுக்கு அது வாராது வந்த வாய்ப்பு. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பப் பணமில்லையா, போட்டியைப் பிள்ளையிடம் அழைத்து வா. அறிவுள்ள நாடுகள் செய்வது இது.

மூன்று தடைவாதங்கள்

இவ்வளவும் கேட்ட பின்னரும் தலையசைத்து மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைப்பர். அவற்றை ஒதுக்கிவிடாமல் எடைபோட்டுப் பார்ப்பதே முறை.

முதல் வாதம்: விளையாட்டு ஒரு சூதாட்டம், ஆயிரத்தில் ஒருவர் வெல்வார், மற்றவர் தெருவில் நிற்பர் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலையை அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பே ஆராய்ந்தது. தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஏறத்தாழ 14,000 பேருள் பாதியளவினர் ஒரு காசும் பரிசாகப் பெறவில்லை. பயிற்றுநர் ஊதியத்தைச் சேர்க்காமலே, மகளிருள் சுமார் 253ஆம் இடம் வரை உள்ளவர்கள்தாம் வரவையும் செலவையும் சரிக்கட்ட முடிந்தது. ஆடவருள் சுமார் 336ஆம் இடம் வரை. இந்தக் கணக்கை மறைத்துப் பெற்றோரிடம் ஆசை காட்டுவது ஏமாற்று.

ஆனால் இந்தக் கணக்கு எதை மெய்ப்பிக்கிறது? கீழ்ப்படியில் நிற்பவள் தனித்து நிற்க முடியாது என்பதைத்தான். உச்சியில் இருப்பவருக்கு விளம்பர நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. அவருக்குச் சமுதாயத்தின் பொற்கிழி எதற்கு? பொற்கிழி தேவைப்படுவது 600ஆம் இடத்தில் இருப்பவளுக்கு. இன்னும் இடமே பெறாதவளுக்கு. தேவை இல்லாதவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதும் தேவையுள்ளவரிடம் கணக்குக் காட்டி நழுவுவதும் கொடையாகுமா? மேலும், ஆடும் பெண் எல்லாரும் தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கவியரங்கில் ஏறும் மாணவர் எல்லாரும் கவிஞராவதில்லை. அதற்காகக் கவியரங்கை மூடிவிட்டவர் உண்டா?

இரண்டாம் வாதம்: படிப்புக் கெடும் என்பது. இவ்வாதத்தைச் சிவசங்கரி சுப்பிரமணியம் என்னும் பெயர் ஒன்றே உடைத்தெறியும். கெடா மாநிலத்தைச் சேர்ந்த இந்தத் தமிழ்ப் பெண் உலகத் தரத்தில் ஸ்குவாஷ் ஆடிக்கொண்டே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் நிக்கோல் டேவிட்டை எதிர்த்து ஆடி வெள்ளி வென்றார். 2022 ஜூனில் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கிப் படுகாயமுற்றார். இனி ஆட்டம் எங்கே என்று பிறர் ஏங்கிய வேளையில் எழுந்து வந்து, 2023இல் ஹாங்சோவில் ஆசிய ஒற்றையர் தங்கத்தையும், 2024இல் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வென்று இலண்டன் கிளாசிக் பட்டத்தையும் கைப்பற்றினார். மேலே குறித்த இந்தோனேசியப் பெண்ணும் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பின்னரே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். மட்டை பிடித்த கை பேனா பிடிக்காது என்பது, மட்டையையே பிடித்துப் பாராதவர் கண்டுபிடித்த மருத்துவம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, மட்டைத் திறனுக்கே கல்வி உதவி வழங்குகின்றன. ஆட்டம் படிப்பைக் கெடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். படிப்புக்கே ஆட்டம் பணம் கட்டும் காலம் இது.

மூன்றாம் வாதத்தை வெளிப்படையாகக் கூற எவரும் துணிவதில்லை. முணுமுணுப்பாகவே அது உலவும். வெயிலில் கறுத்துவிடுவாள், அரைக்கால் சட்டை அணிவாள், பொழுது சாய்ந்து வீடு திரும்புவாள், நாளை எவன் வந்து பெண் கேட்பான் என்பது. பாதுகாப்புக் குறித்த கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு துணைக்கு ஆளும் வண்டியும் பொறுப்பான பயிற்றுநரும். எஞ்சியவை எல்லாம் வெறும் மூடத்தனம். தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் இதனைச் சொல்வோர் தமிழைப் படிக்கட்டும். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி எதற்காக இருக்கிறது? பெண்கள் பந்தாடும் வரிப்பாட்டு அது. திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி பந்தாடும் அழகைத் திரிகூடராசப்பக் கவிராயர் சந்தம் துள்ளப் பாடினாரே, அது எந்தப் பண்பாடு? பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானையையும் நீராடலையும் ஊசலையும் பருவங்களாகவே வகுத்து வைத்திருக்கிறதே, அதற்கு என்ன பொருள்? பந்தாடும் பெண்ணைக் காப்பியத்தில் கண்டு மகிழும் ஆசிரியர், பந்தாட விரும்பும் பெண்ணை வகுப்பில் கண்டு முகம் சுளிப்பாரானால், அவர் இலக்கியம் கற்பிக்கவில்லை; ஏட்டைப் புரட்டுகிறார்.

பறிபோன பாடவேளை

இனிப் பள்ளியின் வாயிலுக்கு வருவோர் அங்குக் காண்பது என்ன? பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் கால அட்டவணையிலும் உடற்கல்விப் பாடவேளை அச்சிடப்பட்டிருக்கும். சுவரில் ஒட்டிய அட்டவணையில் இருக்கும் அது, திடலில் எத்தனை வாரம் இருக்கிறது? கணிதத்தில் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள், அதற்கு அந்த வேளை. மலாய்க் கட்டுரை முடியவில்லை, அதற்கும் அந்த வேளை. பரிசளிப்பு விழாவுக்கு நாற்காலி அடுக்க வேண்டும், அதற்கும் அந்த வேளை. பள்ளியில் கேட்பாரற்ற சொத்து ஒன்று உண்டென்றால் அது உடற்கல்விப் பாடவேளையே.

முன்பெல்லாம் இதற்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினர். 1988 முதல் நடைபெற்ற அத்தேர்வில் ஏழு பாடத்திலும் ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் பள்ளி வாயிலில் பதாகையாய்த் தொங்கின; அந்த எண்ணிக்கையைக் கொண்டே பள்ளியின் மானமும் தலைமையாசிரியரின் மானமும் அளக்கப்பட்டன. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இடைநிலைப்பள்ளியின் பிடி3 தேர்வும் நீங்கிற்று. காரணம் போயிற்று, காரியம் போயிற்றா? பறித்துப் பழகிய கை இன்னும் பறித்துக்கொண்டுதான் இருக்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டிலேனும் ஈடுபட வேண்டும் என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2011இலேயே அறிவித்தது. அக்கொள்கை பல பள்ளிகளில் கோப்பில் உயிர் வாழ்கிறது, படிவத்தில் ஓடுகிறது, அறிக்கையில் வெற்றி பெறுகிறது.

பாரதியின் பாப்பாப் பாட்டை மனப்பாடம் செய்யாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை உண்டா? காலைக்குப் படிப்பையும் மாலைக்கு விளையாட்டையும் பங்கிட்டுத் தந்த அப்பாட்டை, அசையாமல் உட்கார்ந்து ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் இடும் வேடிக்கை வேறெந்த மொழியில் நடக்கும்?

பதின்மூன்றாம் வயது

இழப்புகளுள் பெரிய இழப்பு பதின்மூன்றாம் வயதில் நேர்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்த சிறுமி தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறாள். புதிய மொழிச் சூழல், புதிய முகங்கள், அறிமுகமில்லாத பயிற்றுநர். தொடக்கப்பள்ளியில் மாவட்ட அளவில் ஓடியவள், பந்தடித்தவள் என்று அங்கு எவருக்கும் தெரியாது. சொல்ல அவளுக்கும் நாவெழாது. அனுப்பிய பள்ளி ஒரு கடிதம் எழுதுவதில்லை. ஏற்ற பள்ளி ஒரு கேள்வி கேட்பதில்லை. அதே வயதில்தான் வீடும் அவளை உள்ளே இழுக்கத் தொடங்குகிறது. இரு கதவுகளும் ஒரே நாளில் சாத்தப்படுகின்றன. நிக்கோல் டேவிட் பதினைந்தில் உலக இளையோர் பட்டம் வென்றார். மாயா பதினைந்தில் அரையிறுதி கண்டார். தமிழ்ப்பள்ளிச் சிறுமியின் ஆட்டமோ பெரும்பாலும் பதின்மூன்றிலேயே முடிந்துவிடுகிறது. உலகம் தொடங்கும் வயதில் ஓய்வுபெறும் வீராங்கனை அவள்.

புறக்கணிப்பும் இழிவும் உண்டே, திறமை இருந்தும் இடம் தர மறுப்பாரே என்று கூறித் தேறுதல் அடைவோரும் உளர். இழிவு உண்டு. 2021இல் நாட்டுக்காகப் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த கிசோனா செல்வதுரையை, அரசியல்வாதி ஒருவர் இனப்பெயர் சொல்லி இகழ்ந்ததை நாடே கண்டித்தது. கிசோனா மட்டையைக் கீழே போடவில்லை. தீனா முரளிதரன், பெர்லி டானோடு இணைந்து 2022இல் காமன்வெல்த் தங்கமும் 2025இல் உலகப் போட்டியின் வெள்ளியும் வென்றார். இன்னும் பின்னே சென்றால், 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, அதே ஆண்டில் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்ற எம். ராஜாமணி நிற்கிறார். அறுபதாண்டுக்கு முன்னரே ஓடி வென்ற மரபு இது. பாகுபாட்டை எதிர்த்துப் போராட வேண்டும். ஆனால் களத்துக்கு அனுப்பாத பெண்ணுக்காக எந்தப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடுவது?

2014 மார்ச்சில் உலக மகளிர் ஸ்குவாஷ் வாகையர் போட்டி பினாங்கிலேயே நடைபெற்றது. சொந்த மண்ணில், அரையிறுதியில், நிக்கோல் டேவிட் எகிப்தைச் சேர்ந்த பதினெட்டு வயது நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். தோல்வி வீரர்க்கு இயல்பு; அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோ சென்று எட்டாம் உலகப் பட்டத்தை வென்று காட்டினார். அன்றைய தோல்வி உணர்த்திய பாடம் வேறு. எகிப்து ஒரு ஷெர்பினியை மட்டும் அனுப்பவில்லை. அவர் பின்னே ஒரு படையே வந்துகொண்டிருந்தது. ஒருவரைக் கொண்டாடிக் களைத்த நாடும் பலரை வளர்த்துக் களிக்கும் நாடும் ஒன்றாகா.

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நில்லாமல் செய்யத்தக்கவற்றையும் கூறுவதே கடன்.

முதலாவது, உடற்கல்விப் பாடவேளையை எக்காரணம் கொண்டும் பிற பாடத்துக்குத் தாரை வார்ப்பதில்லை என்று 28 பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் உறுதி பூணட்டும். இதற்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. முதுகெலும்பு மட்டும் வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கு ஒரு பயிற்சிச் சுவர் எழுப்பப்படட்டும். நேரான சுவர் ஒன்று, சிமெண்டுத் தரை ஒன்று, பழைய மட்டைகள் பத்து. டென்னிஸ் தொடங்க இவை போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டு மாதத்தில் முடிக்கக் கூடிய பணி இது.

மூன்றாவது, ஆறாம் ஆண்டை முடிக்கும் ஆற்றலுள்ள சிறுமியர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவள் சேரவிருக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் மாநில விளையாட்டுச் சங்கத்துக்கும் தலைமையாசிரியர் தம் கைப்பட ஒரு மடல் எழுதட்டும். அறிமுக மடல் ஒன்றினால் வாழ்வு திசைமாறியவர் பலர்.

நான்காவது, பினாங்கின் தமிழ் அமைப்புகளும் ஆலயங்களும் ஒரு பயணநிதி அமைக்கட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையின் இருமருங்கும் பந்தல்கள் போட்டி போட்டு எழுகின்றன. அன்னமும் நீரும் அளிப்பது அறம். அதில் குறைவு வேண்டா. ஒலிபெருக்கிக்கும் ஒளிவிளக்குக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஆண்டுக்குச் சில பெண்களேனும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் சென்று கீழ்ப்படிப் போட்டிகளில் ஆடி வர முடியும். முருகன் வேண்டாவென்று சொல்லான்.

ஐந்தாவது, மாநில அரசும் டென்னிஸ் சங்கமும் கைகோத்து 15,000 டாலர் மகளிர் போட்டிகளைப் பினாங்கில் ஆண்டுதோறும் தொடர்ச்சியாய் நடத்தட்டும் என்று தமிழ் அமைப்புகள் குரல் எழுப்பட்டும். அப்போட்டி நடக்கும் வாரத்தில் தமிழ்ப்பள்ளிச் சிறுமியரை வண்டியேற்றி அழைத்துச் சென்று, வெறிச்சோடிய இருக்கைகளில் அமர வைக்கட்டும். தன்னைவிட மூன்று நான்கு ஆண்டே மூத்த பெண் ஒருத்தி வியர்வை சிந்த ஆடித் தோற்று, மறுநாள் மீண்டும் வந்து பயிற்சி செய்வதைக் காணும் சிறுமி, எந்த நன்னெறிப் பாடநூலும் கற்பிக்காததைக் கற்று வருவாள்.

ஆறாவது, தமிழ் நாளிதழ்கள் இறுதியாட்டத்தின் படத்தை மட்டும் அச்சிடாமல், முதற்சுற்றில் ஆடியவர் பெயரையும் ஒரு வரியில் அச்சிடட்டும். அந்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் ஓராண்டு உழைப்பாள்.

ஓய்வு பெற்ற நிக்கோல் டேவிட் தம் பெயரில் அமைந்த அமைப்பின் வழியே கோலாலம்பூர்ச் சிறுவர்க்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் கற்பிக்கும் பணியில் இறங்கினார். எட்டு முறை உலகை வென்றவர் தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்குப் பிடித்து நிற்கிறார். அவருக்கு மாலையிட்டவர்கள் அந்த ஏணியின் மற்றொரு காலைப் பிடிக்கக் கூடாதா?

மாலை மறுநாளே வாடும். அதற்குச் செலவிட்டோர் புகைப்படத்தோடு நிறைவடைவர். பயிற்சிச் சுவரோ முப்பது ஆண்டு நிற்கும். அதன் மேல் பந்தடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை பாராட்டு விழாவுக்கு நன்கொடைச் சீட்டோடு வருவோரிடம் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் கேட்கட்டும்: இந்தப் பெண் பதின்மூன்று வயதில் இருந்தபோது இச்சீட்டு எங்கே இருந்தது? இன்று பதின்மூன்று வயதில் இருப்பவளுக்கு அது எப்போது வரும்? விடை கிடைக்கும் வரை சீட்டில் கையொப்பம் வேண்டா.